நிலுவையில் ஒரு மஞ்சள் பந்து

1

பாஸ்போர்ட் இல்லாமல் வெளிநாட்டில் குடியிருக்க முடியுமா என்று கேட்டால் முடியும் என்பேன். நான் கொல்கத்தாவில் இருக்கிறேன். சட்டப்படி நான் புலம்பெயர்ந்தவன் இல்லை, பணி நியமன உத்தரவில் வந்து சேர்ந்த மத்திய அரசுக் கணக்கு அதிகாரி. வந்தவன் ஓய்வும் பெற்று இங்கேயே தங்கிவிட்டேன். ஊரிலிருந்து வருகிறவர்கள் "அங்கே அரிசி கிடைக்குமா?" என்று என்னைக் கவலையோடு விசாரிப்பார்கள். மூன்று வேளையும் சோறு தின்னத் தயாராக இருக்கும் வங்காளிகளுக்கு நடுவில் உட்கார்ந்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே என் நடுவயது கழிந்தது.

ஓய்வூதியக்காரனுக்கு நவம்பர் ஒரு தனிப் பண்டிகை. தான் உயிரோடு இருப்பதை வங்கிக்குப் போய் நிரூபிக்க வேண்டும். கடந்த நவம்பரில் ரேகைக் கருவி என் கட்டைவிரலை ஏற்க மறுத்தது. துடைத்து வைத்தேன், ஈரப்படுத்தி வைத்தேன். கவுன்ட்டரில் இருந்த பெண், "இன்னொரு விரலைப் பாருங்கள், ஏதாவது ஒன்று உயிரோடு இருக்கும்" என்றாள். மோதிர விரல் இருந்தது.

அந்த மகிழ்ச்சியில் பவானிபூரில் என் வீட்டுக்கு நடந்து வந்தேன். எங்கள் தெருவில் ஒரு கல்லூரி இருக்கிறது. அதன் பின்புறம், கம்பி வேலிக்கு உள்ளே, ஒரு மண் ஆடுகளம். மாலையில் பெண்கள் அங்கே பூப்பந்து ஆடுவார்கள். நடைப்பயிற்சி என்று மருத்துவரிடம் நான் கணக்குக் காட்டுவதெல்லாம் அந்த வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைத்தான். என்னோடு இன்னும் சிலர் நிற்பார்கள். மளிகைக்கடை செல்லையா, இஸ்திரி போடுகிறவர், வேலைக்குப் போய்த் திரும்பும் இரண்டொரு பெண்கள். எதிர்மாடிகளின் பால்கனிகளும் நிரம்பும். சுருக்கமாகச் சொன்னால் எங்கள் தெருவின் ரசிகர் மன்றம். தலைவர் கிடையாது, கூட்டம் கிடையாது, ஆகவே சண்டையும் கிடையாது.

அன்று வலையைக் காணவில்லை. கம்பங்கள் மட்டும் நின்றன. ஆட்டக்காரிகள் மட்டையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பாப்லுவைக் கேட்டேன். தெரு துர்கா பூஜையின் பொருளாளரும் அவன்தான். அவன் பேசுவது வங்காளியில், நான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"முடிச்சிட்டாங்க மேஷோமஷாய்" என்றான். மேஷோமஷாய் என்றால் சித்தப்பா. இந்தத் தெருவில் பாதிப் பேருக்கு நான் சித்தப்பா. ஊரில் என்னை அப்படிக் கூப்பிடக் கடமைப்பட்டவர்கள் வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் படம் அனுப்புவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

விஷயம் இதுதான். கல்லூரி நிர்வாகக் குழு கூடிப் பூப்பந்து அணியைக் கலைப்பது என்று தீர்மானம் போட்டிருக்கிறது. செலவுக்குப் பணம் இல்லை, ஆடுகிறவர்களும் கொஞ்சம்பேர், அந்த இடத்தில் கட்டண வகுப்புக்கு ஒரு கட்டடம் எழுப்பலாம். இந்த விளையாட்டைப் பல்கலைக்கழகத்தில் வேறு எந்தக் கல்லூரிப் பெண்களும் ஆடுவதில்லை. அதனால் பல்கலைக்கழகத்தின் பெயரில் அகில இந்தியப் போட்டிக்கு வருஷா வருஷம் போவது இந்த அணிதான். இந்த முறை போட்டி தமிழ்நாட்டில், திருச்சிப் பக்கம் ஒரு வளாகத்தில்.

"ஜுமாவுக்கு இது கடைசி வருஷம்" என்றான் பாப்லு.

ஜுமா அணித்தலைவி. சாந்த்ராகாச்சியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற பெண். அவளுடைய அப்பா அங்கே ரயில் யார்டில் பெட்டி கழுவுகிற ஒப்பந்தக் கூலி. ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டில் மகளுக்கு நிரந்தர வேலை கிடைக்கும் என்பதுதான் அந்த வீட்டின் ஒரே திட்டம். அதற்கு அகில இந்தியப் போட்டியில் ஆடிய சான்றிதழ் வேண்டும். முந்தைய வருஷம் முழங்காலில் அடிபட்டு அவள் போகவில்லை. இந்த வருஷமும் அணி போகாவிட்டால் அவள் படித்து முடித்து வெளியே வந்துவிடுவாள். சான்றிதழும் இருக்காது, வேலையும் இருக்காது.

வேலிக்கு உள்ளே அவளைப் பார்த்தேன். அவள் பந்திலிருந்து பிரிந்த கம்பளி நூலைத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

2

பூப்பந்து எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்து விளையாட்டு. இதைச் சொல்வதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் நான் ஆடிய லட்சணம் ஊரில் இன்னும் சிலருக்கு ஞாபகமிருக்கும். ஆகவே அடக்கிச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் ஒரு தாலுகா தலைநகர். பெயரைச் சொல்லமாட்டேன், சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். தாலுகா ஆபீஸுக்குப் பின்னால் ஆடுகளம். ஐந்து மணி ஆனதும் குமாஸ்தாக்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். பக்கத்துக்கு ஐந்து பேர், கையில் மர மட்டை, நடுவில் மஞ்சள் கம்பளிப் பந்து. பார்வையாளர்கள் யார் என்றால் பட்டாவுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் வந்து மத்தியானத்திலிருந்து காத்திருக்கும் மனுதாரர்கள். தன் மனு எந்தக் குமாஸ்தாவிடம் இருக்கிறதோ அந்தக் குமாஸ்தாவின் அடிக்குக் கைதட்டுவார்கள். அவர் தவறவிட்டால், "காத்துங்க, காத்து சரியில்ல" என்பார்கள். அவ்வளவு விசுவாசமான ரசிகர்களை நான் அப்புறம் எங்கேயும் பார்த்ததில்லை. அரசாங்கம் எப்படி நடக்கிறது என்று நான் முதலில் கற்றுக்கொண்டதும் அங்கேதான். பாடப்புத்தகத்தில் வேறு மாதிரி இருந்தது.

ஒருநாள் ஆள் குறைந்தபோது என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். பின்வரிசை. என்னைத் தாண்டிப் போன பந்துகளை மனுதாரர்கள்தான் எடுத்துக் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் என்னிடம் மெதுவாக, "தம்பி, நீங்க நல்லாப் படிங்க" என்றார். படித்தேன். தேர்வு எழுதினேன். கொல்கத்தாவுக்குப் போட்டார்கள்.

வந்த புதிதில் இந்தக் கல்லூரி வேலிக்குள் மஞ்சள் பந்தைப் பார்த்தபோது மொழி தெரியாத ஊரில் யாரோ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது போலிருந்தது. அந்தக் காலத்தில் கணிதம் கற்பித்த ஒரு தமிழ்ப் பேராசிரியர் கொண்டுவந்து சேர்த்த ஆட்டமாம். அவர் போய்விட்டார், ஆட்டம் தங்கிவிட்டது. தெருவில் இதற்குப் பெயர் 'ஹோலுத் பல்', மஞ்சள் பந்து. இது தெற்கிலிருந்து வந்தது என்று நான் சொன்னால் பாப்லு நம்பமாட்டான். "இது எங்க பாடா விளையாட்டு மேஷோமஷாய்" என்பான். பாடா என்றால் தெரு, பேட்டை, சில சமயம் மொத்த உலகம்.

என் மகள் உமா இதே கல்லூரியில் படித்து இதே அணியில் முன்வரிசையில் ஆடியவள். இப்போது நியூ டவுனில் கணினி வேலை, பதினெட்டாவது மாடியில் வீடு. அவள் என்னிடம் தமிழில்தான் பேசுவாள். ஆனால் அந்தத் தமிழில் மனிதர்கள் தண்ணீரைச் சாப்பிடுவார்கள், சிகரெட்டையும் சாப்பிடுவார்கள். வங்காளியில் அப்படித்தான். பேரன் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டான். அவனுக்குத் தமிழ் புரியும், தொலைக்காட்சியில் கொரிய மொழி புரிவது போல, கீழே எழுத்து ஓடினால்.

3

உமாவுக்குப் போன் செய்து சொன்னேன்.  "அப்பா, க்ரவுட்ஃபண்டிங் பண்ணிடலாம்" என்றாள்.

அன்றே இணையத்தில் ஒரு பக்கம் திறந்துவிட்டாள். பழைய ஆட்டக்காரிகளின் படம், ஜுமா பந்தை அடிக்கும் படம், உருக்கமான நாலு வரி. பழைய மாணவிகள் பெங்களூரிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் பணம் போட ஆரம்பித்தார்கள். பாப்லுவுக்கு இணையத்தில் நம்பிக்கையில்லை. பூஜைக்கு வசூலிக்கிற முறையிலேயே ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போனான். இதில் அவனுக்குத் தனித் திறமை உண்டு. கதவைத் திறந்தவர் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை அவனே ரசீதில் எழுதி நீட்டிவிடுவான். செல்லையா பணம் கொடுக்கவில்லை. அணி ரயிலில் தின்பதற்கு முறுக்கும் சீடையும் கொடுப்பதாக வாக்களித்தார். "பணம் செலவாயிடும் சார், இது வயித்துல நிக்கும்" என்றார்.

நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். நான் துணைவிதிகள் எழுதினேன்.

பொதுமக்களிடம் பணம் வாங்கும் ஓர் அமைப்புக்கு நோக்கம், உறுப்பினர் தகுதி, குறைவெண் வரம்பு, தணிக்கையாளர் நியமனம் எல்லாம் வேண்டும் என்று வாதாடினேன். மாதிரித் துணைவிதிகளைத் தட்டச்சு செய்து பாப்லு கடையிலேயே பிரதி எடுத்தேன். அவன் அதற்குக் காசு வாங்கவில்லை. படிக்கவும் இல்லை. முதல் கூட்டத்தில் அதன்மேல் சிங்காடா, அதாவது வங்காளத்துச் சமோசா, வைத்துத் தின்றார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பினேன்.

"இவங்களுக்கு ஒரு முறையே தெரியல."

"பணம் சேந்துருச்சுல்ல?"

"சேந்தா போதுமா?"

"உங்க முறையில சேந்திருந்தா இந்நேரம் விண்ணப்பப் படிவம் அச்சாகியிருக்கும்" என்றாள்.

போட்டிக்குப் போக வர, தங்க, சாப்பிட, புது வலை வாங்கத் தேவையான பணம் பத்து நாளுக்குள் வந்துவிட்டது. இனிமேல் கல்லூரியோடு பேச வேண்டியதுதான் பாக்கி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அரசு நடைமுறை தெரிந்த ஆள் நான் ஒருவன்தானே. எனக்கும் அந்தப் பார்வை பிடித்திருந்தது. அழிவு அங்கேதான் ஆரம்பித்தது.

4

கல்லூரி முதல்வர் ஒரு அம்மையார். விலங்கியல் பேராசிரியை. நல்லவர், களைத்தவர். என்னை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"மிஸ்டர் ஸ்ரீனிபாஷ்" என்றார். சீனிவாசன் என்ற என் பெயர் இங்கே அப்படித்தான் ஆகும். "தீர்மானத்தில் எந்தத் தேதியிலிருந்து என்று போடவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து என்று நான் புரிந்துகொள்கிறேன். போட்டிக்கான பெயர்ப் பட்டியலில் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். செலவை நீங்களே வெளியிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு உதவி. எனக்கு எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள்."

இதைவிடத் தெளிவாக எந்த அதிகாரியும் பேச முடியாது. எனக்குக் கீழே வேலை பார்த்த இளைஞர்களுக்கு நானே இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். விதி தடுக்காத ஒன்றுக்கு அனுமதி கேட்காதே. கேட்டால் தடுப்பார்கள்.

வீட்டுக்கு வந்தேன். தூக்கம் வரவில்லை. அரசு உதவி பெறும் கல்லூரியின் அணி, தனியார் பணத்தில், எந்தக் கணக்குத் தலைப்பிலும் வராமல் பயணம் போகிறது. பிற்காலத்தில் ஒரு தணிக்கையாளர் வந்து கேட்டால்? எந்தத் தணிக்கையாளர் வரப்போகிறார் என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். நான் வந்திருப்பேன் என்று பதில் வந்தது.

காலையில் எழுந்து முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதினேன். இரண்டே விளக்கங்கள் கோரினேன். ஒன்று, ரசிகர்கள் திரட்டிய நிதியை எந்தத் தலைப்பில் வரவு வைக்கலாம். இரண்டு, தீர்மானம் எந்தத் தேதியிலிருந்து அமலுக்கு வருகிறது. அழகான கடிதம். பத்திக்குப் பத்தி எண் போட்டிருந்தேன். அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு வந்தேன். வரும் வழியில் ஒரு ரசகுல்லாகூடச் சாப்பிட்டேன்.

முத்திரை விழுந்த கடிதத்தை முதல்வர் பார்க்காதது போல் இருக்க முடியாது. பதிவேட்டில் எண் ஏறிவிட்டது. அவர் அதை மேலிடமான உயர்கல்வித் துறைக்கு அனுப்பினார். எனக்கு ஒரு வரிப் பதில் வந்தது. தங்கள் கடிதப் பொருள் துறையின் வழிகாட்டுதலுக்காக அனுப்பப்பட்டுள்ளது, பதில் வரும்வரை காத்திருக்கவும்.

பாப்லுவின் கடையில் அதைப் படித்துக் காட்டினேன். அவன் ஜெராக்ஸ் இயந்திரத்தை நிறுத்தினான். பூஜைக்குப் பணம் தராதவர்களிடம்கூட அவன் முகம் அப்படி ஆனதில்லை. ஜுமா அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். என்னைத் தாது என்று கூப்பிடுகிற பெண், தாத்தா என்று அர்த்தம். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

"தாது, நீங்க கேக்காம இருந்திருந்தா அவங்க வேண்டாம்னு சொல்லியே இருக்க மாட்டாங்க" என்றாள்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.

5

அந்த வாரம் நான் வேலிப் பக்கம் போகவில்லை. மளிகைக்குச் செல்லையா கடைக்குப் போனால் அவர் எனக்கு முன்னால் வந்தவருக்கும் பின்னால் வந்தவருக்கும் சாமான் கட்டிவிட்டு என்னைப் பார்த்தார். இவ்வளவு வருஷத்தில் இந்தத் தெருவில் நான் ஒரு மதராசி என்று முதன்முறையாக உணர்ந்தேன். அதற்கு வங்காளிகள் காரணமில்லை. செல்லையா தமிழர்தான், தூத்துக்குடி.

ஞாயிற்றுக்கிழமை உமா வந்தாள். வந்ததும் பையைக்கூட வைக்கவில்லை.

"ஏம்ப்பா எழுதினீங்க?"

நடைமுறை என்றேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சமையலறைக்குள் போனாள். அதற்கு அர்த்தம், உன் பங்கை நீ திட்டிக்கொள், என் பங்கு முடிந்துவிட்டது.

"சரி, பதில் எப்ப வரும்?"

"சொல்ல முடியாது. மாசக்கணக்கா ஆகலாம்."

"அதுவரைக்கும் என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. விஷயம் மேலிடத்துக்குப் போயிட்டா முடிவு வர்ற வரைக்கும் பழைய நிலையே தொடரும். யாரும் எதையும் மாத்தக் கூடாது. அதுதான் விதி."

"பழைய நிலைன்னா?"

"தீர்மானத்துக்கு முன்னாடி எப்படி இருந்துதோ அப்படி."

உமா பையைக் கீழே வைத்தாள்.

"அப்பா. அதுக்கு முன்னாடி டீம் இருந்துது."

என் வாழ்நாளில் நூற்றுக்கணக்கான கோப்புகளை இந்த விதியைக் காட்டி உறையவைத்திருக்கிறேன். பதவி உயர்வுகள், பணிநீக்கங்கள், ஒரு மின்தூக்கி பொருத்தும் திட்டம். அதே விதி என் மடியில் வந்து விழுந்தபோது எனக்குத் தெரியவில்லை. தண்ணீரைச் சாப்பிடுகிற என் மகள் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

மறுநாள் முதல்வரிடம் போனேன். விஷயம் மேலிடத்தின் பரிசீலனையில் இருப்பதால் அணியைக் கலைக்க இப்போது யாருக்கும் அதிகாரமில்லை, ஆகவே வழக்கம்போல் பட்டியலில் கையெழுத்திடுவதுதான் சட்டப்படி சரி என்று சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதற்காகத்தான் அந்தக் கடிதத்தை எழுதினீர்களா?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்லாத பதிலை யாரும் தணிக்கை செய்ய முடியாது.

அவர் கையெழுத்திட்டார். பணத்துக்குத் தலைப்பு வேண்டுமே என்ற பிரச்சினையைப் பாப்லு தீர்த்தான். பணத்தைக் கல்லூரியிடம் கொடுக்கவே வேண்டாம், ரயில் டிக்கெட்டாக வாங்கிப் பெண்கள் கையில் கொடுத்துவிடலாம் என்றான். மாலைக்குள் தெரு முழுக்க நான் ஒரு சாணக்கியன் என்று பேச்சாகிவிட்டது. முதலிலேயே எல்லாவற்றையும் கணக்குப் போட்டுத்தான் கடிதம் எழுதினேனாம். செல்லையா எனக்குக் கடலை மிட்டாய் இனாமாகக் கொடுத்தார். நான் மறுக்கவில்லை. மறுப்பதற்கான சரியான சந்தர்ப்பம் வாய்க்கவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

6

அணி மேலாளராக உமா விடுப்பு எடுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. ஆலோசகர் என்று எனக்கும் ஒரு டிக்கெட். சொந்தச் செலவில்தான். என் அம்மா இறந்த பிறகு ஊர்ப்பக்கம் போக எனக்கு ஒரு காரணம் கிடைக்கவே இல்லை. கல்யாணங்களுக்கு அழைப்பிதழ் வரும், போகமாட்டேன். அங்கே என்னைப் பார்த்ததும் "எப்ப வந்தீங்க?" என்பார்கள், அடுத்த கேள்வி "எப்பப் போறீங்க?" என்று வரும். இந்த முறை அதற்குப் பதில் தயாராக வைத்திருந்தேன். பத்து வங்காளப் பெண்களை அழைத்துக்கொண்டு நம் விளையாட்டை உங்களுக்கே ஆடிக்காட்ட வந்திருக்கிறேன். கான்வாஸ் ஷூகூட வாங்கினேன். ஆலோசகருக்கு எதற்கு ஷூ என்று மனைவி கேட்டாள்.

புறப்பட வேண்டிய நாள் காலை முதல்வர் போன் செய்தார். துறையில் பதில் தயாராகிவிட்டதாம். மறுப்புதான். கலைத்தது சரி, உடனே அமல்படுத்தவும் என்று எழுதிக் கையெழுத்தும் ஆகிவிட்டதாம். நாளையோ மறுநாளோ தன் மேஜைக்கு வந்துவிடும், வந்தால் போட்டி நடத்துகிறவர்களுக்கு அணியைத் திரும்பப் பெற்றுவிட்டதாகத் தெரிவிப்பதைத் தவிர தனக்கு வேறு வழியில்லை என்றார். ரயில் போய்ச் சேர்வதற்குள் அணி இல்லாமல் போய்விடும்.

ஒரே வழி, அந்தக் காகிதம் அனுப்பும் பிரிவுக்குப் போவதற்குள் புது மனு ஒன்று அதன்மேல் விழ வேண்டும். தபாலில் போட்டால் விழாது. கையில் கொண்டுபோய்க் கொடுத்து, அங்கேயே உட்கார்ந்து, எழுந்து போகமாட்டேன் என்று அவர்களுக்குப் புரியவைக்க வேண்டும். பாப்லுவை அனுப்பினால் அவன் ரசீதுப் புத்தகத்தை நீட்டுவான். உமா மேலாளர், போயாக வேண்டும்.

உமாவிடம் சொன்னேன். "நீங்க போங்க. ஃபைல் ஒண்ணு மூடற நிலைமையில இருக்கு. பக்கத்துல ஆள் வேணும்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. அதைக் கெடுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். உண்மை என்னவென்றால், நான் ஆரம்பித்த கோப்பை வேறொருவன் முடிப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இதைத் தியாகம் என்று மற்றவர்கள் சொன்னால் சொல்லட்டும்.

சாந்த்ராகாச்சியில் அவர்கள் ரயில் ஏறியபோது நான் நகரின் மறுகோடியில், சால்ட் லேக்கில், துறை அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், ஒரு மர பெஞ்சில், புது ஷூவோடு உட்கார்ந்திருந்தேன்.

பிரிவு அலுவலர் பிஸ்வாஸ் பாபு. என் வயதுக்குக் கொஞ்சம் கீழே, ஓய்வை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பவர். பாதிக்கப்படும் தரப்பைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது, ஆகவே எங்களுக்கு நேரில் விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்று மனு கொடுத்தேன். அவர் நிதானமாகப் படித்தார்.

"நல்ல டிராஃப்ட்" என்றார். "ஆனா நீங்க எந்தத் தரப்பு? கல்லூரி இல்ல. மாணவி இல்ல. ஒருத்தரோட அப்பாகூட இல்ல."

"ரசிகன்" என்றேன்.

"அதுக்கு விதியில இடம் இருக்கா?"

"இல்லை என்று விதியில் எங்கேயும் சொல்லவில்லை."

அவர் மனுவைக் கையெழுத்தான அந்த உத்தரவின்மேல் வைத்துக் காகித எடையை வைத்தார். வங்காளத்தின் எல்லா அலுவலகங்களிலும் சொல்லப்படும் இரண்டு வார்த்தைகளைச் சொன்னார். "கால் ஆஷுன்." நாளைக்கு வாருங்கள்.

இந்த ஊருக்கு வந்ததிலிருந்து எத்தனையோ கவுன்ட்டர்களில் இதைக் கேட்டுக் கொதித்திருக்கிறேன். அன்று படியிறங்கும்போது விசில் அடிக்கத் தோன்றியது. ஒரு நாள் கிடைத்திருக்கிறது. மறுநாளும் போனேன். கால் ஆஷுன். அதற்கு மறுநாளும். நான் அவ்வளவு சந்தோஷமாக நன்றி சொல்லிவிட்டுப் போவதைப் பார்த்து அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

சாயங்காலங்களில் உமா போன் செய்தாள். பெண்களுக்குச் சாம்பார் பிடித்துவிட்டது, இட்லிக்குச் சர்க்கரை கேட்கிறார்கள். ஜுமா சகபயணிகளிடம் முறுக்கைப் பங்கு வைத்து ஒரு பெட்டி முழுவதையும் கொல்கத்தா ரசிகர்களாக்கிவிட்டாள். அப்புறம் குரலைக் கொஞ்சம் தாழ்த்திச் சொன்னாள்.

"ஹாஸ்டல் வார்டன் கேட்டாங்கப்பா. உங்க தமிழ் ரொம்ப நல்லா இருக்கே, எங்க கத்துக்கிட்டீங்கன்னு."

"நீ என்ன சொன்ன?"

"வீட்லன்னு சொன்னேன்."

நான் வேறு எதையோ பேசினேன். ஷூ கடிக்கிறது என்று சொன்னதாக ஞாபகம்.

7

கால் இறுதி ஆட்டம் ஒரு வேலை நாளில், பதினோரு மணிக்கு. நான் பெஞ்சில் இருந்தேன். உமா ஆடுகளத்து ஓரத்திலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு, சத்தத்தைக் குறைத்து, பார்க்க ஆரம்பித்தேன். எதிரணி தமிழ்நாட்டுப் பெண்கள். இதில் நான் யார் பக்கம் என்று யோசிக்கவே இல்லை. பிறகு யோசித்தபோது கொஞ்சம் அதிர்ச்சியாக இருந்தது.

முதலில் வந்து எட்டிப் பார்த்தவர் தேநீர் கொண்டுவருகிறவர். அடுத்துத் தட்டச்சுப் பெண். முதல் செட் போனது. இரண்டாவது செட்டில் ஜுமா பின்வரிசையிலிருந்து முன்னால் ஓடிவந்து, விழப்போன பந்தைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் எடுத்து வலைக்கு மேலே போட்டாள். என்னையும் மீறி "தாருண்" என்று கத்திவிட்டேன். அபாரம் என்று அர்த்தம். தமிழ் வார்த்தை எதுவும் நேரத்துக்கு வரவில்லை. பிரிவு முழுவதும் எழுந்து வந்துவிட்டது.

"இந்தச் சின்னப் பொண்ணு யாரு?" என்று எனக்குப் பின்னாலிருந்து பிஸ்வாஸ் பாபுவின் குரல்.

சொன்னேன். சாந்த்ராகாச்சி, அப்பாவின் வேலை, முழங்கால், சான்றிதழ், ரயில்வே. மனுவில் இதையெல்லாம் எழுதவில்லை. பொருத்தமற்ற விவரங்கள் என்று நானே நீக்கியிருந்தேன். அவர் தன் நாற்காலியை இழுத்து வந்து பெஞ்சுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

மூன்றாவது செட் இழுத்துக்கொண்டே போனது. யாரும் எந்தக் கோப்பையும் தொடவில்லை. சான்றொப்பம் வாங்க வந்திருந்த ஒரு பள்ளி ஆசிரியர் தன் காகிதத்தை மறந்துவிட்டு, "பின்னாடி போ, பின்னாடி" என்று ஜுமாவுக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் எதிரணி அடித்த பந்து வலையில் பட்டு அவர்கள் பக்கமே விழுந்தது. படம் தலைகீழானது. உமா குதிக்கிறாள் என்று புரிந்தது.

பிஸ்வாஸ் பாபு எழுந்து மேஜைக்குப் போனார். காகித எடையைத் தூக்கினார். என் மனுவுக்கு அடியிலிருந்த உத்தரவை எடுத்தார்.

"இந்த விளையாட்டைத்தான் நிறுத்தச் சொல்லியிருக்கா?"

"கையெழுத்து உங்களுடையது" என்றேன்.

"வந்ததைப் போட்டேன்." பேனாவைத் திறந்து ஓரத்தில் ஏதோ எழுதிக் கோப்பை என் பக்கம் திருப்பிக் காட்டினார். இணை இயக்குநரோடு கலந்து பேசவும். எந்த அரசு ஊழியனுக்கும் இது புரியும். பேசி முடிக்கும்வரை இனி இந்தக் காகிதம் எங்கேயும் நகராது.

"இணை இயக்குநர் கண்டிப்பானவரோ?" என்று கேட்டேன்.

"பூஜைக்கு முன்னாடியே ரிடயர் ஆயிட்டார். அந்த இடத்துக்கு இன்னும் யாரையும் போடல. எப்பப் போடுவாங்கன்னும் தெரியல."

அதற்குள் போனில் ஜுமா வந்திருந்தாள். மூச்சு வாங்கியது, முகமெல்லாம் செம்மண். பின்னால் யாரோ தமிழில் எங்கள் அணியின் பெயரை ஒலிபெருக்கியில் தப்புத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"தாது, ஜெயிச்சுட்டோம். நாளைக்குக் காலைல செமிஃபைனல். ஃபைல் என்ன ஆச்சு?"

"தூங்குது" என்றேன்.

அவள் சிரித்தாள். எழுதியதற்காக அவள் என்னை மன்னித்தாளா என்று கேட்கவில்லை. மேலிடத்துக்குப் போன விஷயம், பதில் வரும்போது வரட்டும்.

போனைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன். இத்தனை நாள் பழகிவிட்ட பெஞ்சு. இனி எனக்கு இங்கே வேலையில்லை என்று நினைத்தபோது, பணி ஓய்வு பெற்ற நாளில்கூடத் தோன்றாத ஒரு வெறுமை தோன்றியது. பிஸ்வாஸ் பாபுவிடம் கைகூப்பி, தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிக்க வேண்டும், இனி வரமாட்டேன் என்றேன்.

அவர் நாற்காலியைத் திரும்ப மேஜைக்கு இழுத்துக்கொண்டு போகவில்லை. பெஞ்சுக்குப் பக்கத்திலேயே விட்டிருந்தார்.

"வரமாட்டீங்களா? செமிஃபைனலை நாங்க எதுல பாக்கறது?" என்றார். "காலைல சீக்கிரமே வந்துடுங்க. போனை முழுசா சார்ஜ் போட்டுக் கொண்டுவாங்க."